வில்லுப்பாட்டு ஆல்பத்துக்கு உறை செய்வது: எழுத்துரு முதல் அச்சு வரை

கோயில் கொடை விழா முடிந்த மறுநாள், பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருவர் வந்து கேட்பார்: "ராத்திரி பாடுனத ரிக்கார்டு பண்ணியாச்சா? நமக்கு ஒண்ணு வேணுமே." அந்த 'ஒண்ணு' முன்பு கேசட்டாக இருந்தது, பிறகு சிடி ஆனது. இப்போது பென்டிரைவாகவும், செல்போனில் ஸ்கேன் செய்யும் கட்டமாகவும் இருக்கிறது. எந்த உருவத்தில் கொடுத்தாலும் அதற்கு ஓர் உறை வேண்டும். பாளையங்கோட்டையில் சின்ன டிடிபி அறை ஒன்றில் உட்கார்ந்து பல ஆண்டுகளாக இந்த உறைகளைச் செய்துவருகிறேன். வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், சர்ச் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் கீதங்கள், பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு என்று எல்லாம் வந்திருக்கின்றன.

இங்கே ஒரு வில்லுப்பாட்டு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்து அச்சு வரை வரிசையாகச் சொல்கிறேன். மற்ற இசைக்கும் வழி இதுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்து ஆல்பங்களில் படத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் கால்வாசியைக்கூட எழுத்துக்குக் கொடுப்பதில்லை. சாமி படம், பாடகர் படம், பின்னால் ஒளிவட்டம் எல்லாம் வைத்து முடித்த பிறகு, மிச்சம் கிடக்கும் இடத்தில் கைக்கு வந்த எழுத்துருவில் தலைப்பை அடித்துவிடுகிறோம். திருவிழாக் கடையில் இருபது உறைகள் தொங்கும்போது, வாங்க வந்த ஆச்சி தேடுவது சாமி பெயரையும் பாடியவர் பெயரையும்தான். அவருக்கு எழுத்துதான் முதல் படம். அதனால் இந்த வழிகாட்டியில் எழுத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் கேளுங்கள்

கணினியைத் திறக்கும் முன் பதிவை முழுதாகக் கேட்டுவிடுங்கள். கையில் ஒரு தாள் இருக்கட்டும். குரல் எப்படி இருக்கிறது என்று நாலைந்து சொற்கள் எழுதுங்கள்: கரகரப்பு, இழுவை, வேகம், அடங்கிய தொனி, இப்படி ஏதாவது. எந்தக் கருவி முன்னால் நிற்கிறது என்றும் குறியுங்கள். வில்லின் நாணைத் தட்டும் வீசுகோல் விழும்போது மணிகள் சிதறுகிற ஓசை ஒருவகை. உடுக்கை தனியாக அதிர்வது வேறுவகை. குடத்தின் தொம்தொம் இன்னொரு வகை. பின்னால் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை. உடுக்கை அதிர்ந்து நிற்கும் சுடலைமாடன் கதைக்கு, மொழுமொழுவென்று உருண்ட எழுத்தைப் போட்டால் கேட்டவருக்கு உடனே உறுத்தும்.

கேட்டு முடித்ததும் எழுத்து வேலை. தலைப்பு, பாடியவர்கள், கருவிகள் வாசித்தவர்கள், பதிவு செய்த ஊர், ஆண்டு, பகுதிகளின் பெயர், ஒவ்வொன்றும் ஓடும் நேரம் எல்லாவற்றையும் புலவரிடமே, அதாவது கதையை நடத்திப் பாடும் தலைமைப் பாடகரிடமே, எழுதி வாங்குங்கள். வில்லுப்பாட்டில் வலத்தே பாடுபவர், இடத்தே பாடுபவர் என்று வரிசை உண்டு. அதை மாற்றிப் போட்டால் குழுவுக்குள் மனத்தாங்கல் வரும். கதைக்கும் முறை உண்டு: காப்பு, வருபொருள் உரைத்தல், குருவணக்கம், அவையடக்கம், நாட்டுவளம், அதன்பிறகு கதை, கடைசியில் வாழி. பின்னட்டையில் 'பாகம் 1, பாகம் 2' என்று போடாமல் இந்தப் பெயர்களைப் போடுங்கள். தெரிந்தவர்கள் நாட்டுவளத்துக்கு நேராகப் போய்க் கேட்பார்கள். அவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

ஒரு சிடியில் 74 முதல் 80 நிமிடம்தான் அடங்கும். விடிய விடியப் பாடிய கதை என்றால் மூன்று, நான்கு தட்டுகள் ஆகும். எத்தனை தட்டு என்பது முடிவானால்தான் உறையின் கனம் முடிவாகும். அதனால் இதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

எந்த உருவம், என்ன அளவு

அச்சகத்தில் போய் "சிடி கவர்" என்று சொன்னால் போதாது. அளவு தெரிந்திருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கும் சிடி என்றால், முன்னால் செருகும் தாள் 120 × 120 மி.மீ. நான்கு பக்கச் சிற்றேடாக வேண்டுமானால் 240 × 120 தாளை நடுவில் மடிப்பது. அதற்கு மேல் பக்கங்கள் கூடினால் 8, 12, 16 என்று நான்கின் மடங்கில்தான் போகும், நடுவில் பின் அடிப்பார்கள். பெட்டியின் பின்னால் உள்ளே போகும் அட்டை 151 × 118 மி.மீ. அதில் இரண்டு ஓரமும் 6.5 மி.மீ. அளவுக்கு மடிந்து முதுகாக நிற்கும். நடுவில் மிஞ்சுவது 138 மி.மீ. எல்லாத் தாளுக்கும் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறத்தை ஓட விடுங்கள். வெட்டும் கத்தி அரை மில்லி நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாது. எழுத்தையும் முகத்தையும் வெட்டுக்கோட்டிலிருந்து 4 மி.மீ. உள்ளே வையுங்கள்.

அட்டை உறை, அதாவது பெட்டி இல்லாமல் மடித்து ஒட்டும் வகை என்றால், அச்சகத்திலேயே டை, அதாவது அட்டையை வெட்டும் அச்சு, இருக்கும். நீங்களாக அளவு போடாமல் அவர்கள் டையின் கோட்டுப்படத்தை வாங்கி அதன்மேல் வேலை செய்யுங்கள். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேலே மேட் லேமினேஷன் போட்டால் கைக்கு நன்றாக இருக்கும். அடர்ந்த நிறம் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரிவது இந்த வகையில் அடிக்கடி வரும் குறை. லேமினேஷன் போட்டு, மடிக்கும் கோட்டில் கிரீசிங் அழுத்திவிட்டு மடித்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இசைத்தட்டு, அந்தப் பெரிய 12 அங்குல உறை, நம் பக்கம் அபூர்வம். ஆசைப்பட்டு யாராவது கேட்டால் சுமார் 315 × 315 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் ஒரு பக்கத்துக்கு 3800 பிக்சலாவது இருக்க வேண்டும்.

பென்டிரைவுக்கு உறை என்று தனியாக அளவு கிடையாது. போஸ்ட் கார்டு அளவில் ஓர் அட்டை, மேலே கொக்கியில் மாட்டத் துளை, கீழே டிரைவ் நிற்க ஒரு வெட்டு இருந்தால் போதும். ஒருமுறை ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுக்க மட்டும் ஐம்பது பிரதி கேட்டார்கள். பனை ஓலைக் கொட்டான் முடைபவரிடம் சொல்லி உள்ளங்கை அளவில் மூடி வைத்த பெட்டிகள் வாங்கினோம். உள்ளே டிரைவ், மேலே நூலில் கட்டிய சின்னச் சீட்டு. அச்சு என்று பார்த்தால் அந்தச் சீட்டு ஒன்றுதான். ஓலையின் மணத்தோடு திறக்கும்போது கதையே வேறு மாதிரி தொடங்குகிறது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது இப்படிச் செய்யத் தயங்க வேண்டாம்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது

எழுத்துருப் பட்டியலில் பெயரைப் பார்த்தோ, அவர்கள் காட்டும் மாதிரி வரியைப் பார்த்தோ எடுக்காதீர்கள். உங்கள் தலைப்பையே அடித்துப் பாருங்கள். 'முத்தாரம்மன் கதை' என்று ஆல்பம் வந்தால் அந்த எழுத்துகள்தான் உங்களுக்கு வேண்டும். மற்ற எழுத்துகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. பத்து எழுத்துருக்களில் அதே தலைப்பை ஒன்றின்கீழ் ஒன்றாக அடித்து, ஒரு தாளில் உண்மை அளவில் அச்செடுத்து, சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். பாதி அப்போதே கழிந்துவிடும்.

என்ன பார்க்க வேண்டும்? முதலில், தடித்த எழுத்தில் உள்வெளி அடைகிறதா என்று பாருங்கள். ண, ஞ, இ, ஐ போன்றவற்றில் சுழிக்குள் சின்ன வெள்ளை இருக்கும். கனம் கூடும்போது அந்த வெள்ளை சுருங்கி, மை பரவி, ஒரே கரும்பொட்டாகிவிடும். இரண்டாவது, புள்ளி. 'வில்லுப்பாட்டு' என்ற ஒரு சொல்லில் மட்டும் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. அவை எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் கண் தடுக்கும். மூன்றாவது, மேலும் கீழும். தமிழில் இகரத்தின் மேல்விலங்கு மேலே ஏறும், உகரம் கீழே இறங்கும். இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் 'மு'வும் கீழ்வரியின் 'கி'யும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்குப் போடும் வரி இடைவெளி நமக்குப் பற்றாது. சிறிய எழுத்துக்கு, எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு வரி இடைவெளி கொடுக்கிறேன். தலைப்பில் கண்ணால் பார்த்துத்தான் நெருக்கவோ விலக்கவோ வேண்டும். நான்காவது, கிரந்த எழுத்து. 'ஸ்ரீ' வரும் தலைப்பு என்றால் அந்த எழுத்துருவில் அது சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே அடித்துப் பாருங்கள்.

இப்போது நல்ல தமிழ் எழுத்துருக்கள் முறையான உரிமத்தோடு இலவசமாகவே கிடைக்கின்றன. கூகுள் ஃபாண்ட்ஸில் இருப்பவற்றில் நான் கைவைப்பவை சில. சிடி ஓரத்துக்கும் நீளமான தலைப்புக்கும் அனேக் தமிழ். அதில் ஒடுக்கமும் விரிவும் கனமும் தனித்தனியாக மாற்றலாம். 'சுடலைமாடசுவாமி' மாதிரி நீண்ட பெயரை ஒரே வரியில் நிறுத்த இதைவிட வசதியானது எனக்குக் கிடைக்கவில்லை. பெயர்ப்பட்டியல், முகவரி மாதிரி பொடி எழுத்துக்கு முக்தா மலர் அல்லது ஹிந்த் மதுரை. சின்ன அளவிலும் இவை தெளிவாக நிற்கும். பக்திப் பாடல், தேவாரம், நாதஸ்வரம் என்றால் டிரோ தமிழ் அல்லது நோட்டோ செரிஃப் தமிழ். இவற்றில் கோடு தடித்தும் மெலிந்தும் போவதால் பழைய புத்தக அச்சின் சாயல் இருக்கும். பிள்ளைகள் பாட்டுக்கு பாலூ தம்பி. தாலாட்டு, மெல்லிசைக்கு அரிமா. கட்டமரன் நேரான, நவீன முகம் கொண்டது. கல்லூரிப் பிள்ளைகளின் இசைக்குழுவுக்குப் பொருந்தும். கவிவனர் கையெழுத்துப்போல் சாய்ந்திருக்கும். ஒரு வரிக்கு அழகு. ஒரு பக்கம் முழுக்க அதில் போட்டால் படிக்க முடியாது.

ஓர் உறைக்கு இரண்டு எழுத்துருக்கள் போதும். ஒன்று தலைப்புக்கு, ஒன்று மற்ற எல்லாவற்றுக்கும். மூன்றாவதைத் தேடத் தோன்றினால், இரண்டில் ஒன்றின் கனத்தை மாற்றிப் பாருங்கள்.

ஆங்கிலமும் சேர்ந்து வருகிற உறை என்றால் இரண்டையும் ஒரே எண்ணில் அடிக்காதீர்கள். ஒரே பாயின்ட் அளவிலும் ஒன்று பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் தெரியும். கண்ணுக்குச் சமமாகும்வரை ஆங்கிலத்தை மாற்றுங்கள். எழுத்தை இழுத்து ஒடுக்கவும் கூடாது. பக்கவாட்டில் நெருக்கும்போது நெட்டுக்கோடு மெலிந்து, கிடைக்கோடு அப்படியே நிற்கும். எழுத்து நோயாளிபோல ஆகிவிடும். எழுத்துகளுக்கிடையே இடைவெளியை அள்ளிக் கொடுப்பதும் தமிழுக்கு ஆகாது. 'கொ'வில் கொம்பும் காலும் தன் ககரத்தை விட்டுப் பிரிந்து நின்றால் படிப்பவர் தடுமாறுவார்.

தலைப்பை இரண்டு வரியாக உடைக்கும்போது பொருள் பிரியும் இடத்தில் உடையுங்கள். 'சுடலை' ஒரு வரி, 'மாடசுவாமி' ஒரு வரி என்றால் சரி. இடம் பார்த்து 'சுடலைமா', 'டசுவாமி' என்று வெட்டிய உறையைக் கடையில் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை.

கையெழுத்தும் ஒரு வழி

மேலே சொன்ன எதுவும் பொருந்தாமல் போன ஒரு வேலை வந்தது. பாடியவர் எழுபது தாண்டிய புலவர். கதையை நீளவாக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 'சுடலை' என்ற சொல்லில் கண் நின்றது. அந்த 'லை'யில் இப்போது நாம் போடும் முன் கொம்பு இல்லை. லகரத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு ஏறியிருந்தது. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை ஆகியவையும் ணா, றா, னா வரிசையும் இப்போதைய வடிவத்துக்கு மாறின. அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர் கையில் பழைய வடிவம் அப்படியே தங்கியிருந்தது.

"அண்ணாச்சி, இதையே அட்டையில போட்டுருவோமா?" என்று கேட்டேன்.

"என் கிறுக்கலையா? வாசிப்பாகளா தம்பி?" என்றார்.

வெள்ளைத் தாளில் தூரிகைப் பேனாவால் இருபது தடவை எழுதித் தரச் சொன்னேன். முதல் பத்தும் விறைப்பாக இருந்தன. பதினான்காவது நன்றாக வந்தது. அதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கோட்டோவியமாக மாற்றி, மெலிந்த இடங்களை மட்டும் கொஞ்சம் கனமாக்கினேன். நடுக்கத்தை அழிக்கவில்லை. அது அவர் குரலில் இருக்கும் நடுக்கம்தான். இளவட்டங்கள் சிலர் அந்த 'லை'யில் தயங்கியதால் உறையின் முதுகிலும் பின்புறத்திலும் இன்றைய வடிவத்தில் சாதாரண அச்செழுத்தே போட்டோம். முகப்பில் பழைய லை, முதுகில் புதிய லை.

கையெழுத்தைப் பயன்படுத்த நினைத்தால், உறையில் வரப்போகும் அளவைவிட மூன்று மடங்கு பெரிதாக எழுதி வாங்குங்கள். சுருக்கும்போது பிசிறுகள் மறையும். தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படமும் நிறமும்

இணையத்தில் கிடக்கும் சாமி படத்தை எடுக்காதீர்கள். காலண்டர் படத்துக்கும் வரைந்தவர் உண்டு, உரிமை உண்டு. ஊரிலேயே படம் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போட்ட பீடம், மணி கட்டிய வில்லின் வளைவு, உடுக்கையின் இடை, தாளக்கட்டையைப் பிடித்த கை. காலை ஆறரை ஏழு மணி வெயிலில் பீடத்தைப் படம் எடுத்தால் நிழல் ஒரு பக்கம் நீளமாக விழும், ஒளிவட்டம் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. கோயிலாரிடமும் பாடகரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

நிறத்தையும் நிலத்திலிருந்தே எடுக்கலாம். தேரிக்காட்டுச் செம்மண், காய்ந்த பனையோலை, மஞ்சணை, சுண்ணாம்பு வெள்ளை. திரையில் பளீரென்று தெரியும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கிவிடும். செம்மண், காவி, மஞ்சள் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. நம் பக்கத்துக்கு அது வசதி.

தட்டின்மேல் அச்சடிக்கும் படத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். முகப்பில் இருந்த சாமி முகத்தையே தட்டிலும் நடுவாக வைத்தேன். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாதிரித் தட்டைக் கையில் வாங்கிய புலவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தம்பி, சாமி மொகத்துல ஓட்டையப் போட்டுட்டியளே" என்றார். தட்டின் நடுவில் 15 மி.மீ. துளை இருக்கிறது, அதைச் சுற்றிக் கண்ணாடி வளையமும் இருக்கிறது. முகம் சரியாக அங்கே விழுந்திருந்தது. அன்றிலிருந்து தட்டில் சாமி உருவமே வைப்பதில்லை. வில்லின் வளைவை விளிம்போடு ஓட விடுகிறேன், அல்லது வெறும் செம்மண் நிறத்தில் பெயர் மட்டும் போடுகிறேன். அச்சு விழும் பகுதி வெளியே 118 மி.மீ. வரை. உள்ளே சில இடங்களில் 23 மி.மீ. வரை அடிப்பார்கள், சில இடங்களில் 46இலேயே நின்றுவிடும். கேட்டுக்கொண்டு வரையுங்கள்.

பின்னட்டையும் முதுகும்

பின்புறத்தில் அழகுக்கு முன்னால் சட்டம் நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி, வெளியிடும் ஒலிப்பதிவிலும் அதன் உறையிலும் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: பதிவைச் செய்தவரின் பெயரும் முகவரியும், பதிப்புரிமை உடையவரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டு. ஊர்க் குழுக்கள் பலவும் செல்போன் எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டு இதை விட்டுவிடுகின்றன. வட்டத்துக்குள் பி என்ற குறி ஒலிப்பதிவின் உரிமைக்கு. வட்டத்துக்குள் சி என்பது எழுத்து, படம், வடிவமைப்புக்கு. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டு நிற்கும். அதனால் யார் பெயரைப் போடுவது என்பதை விழாக் கமிட்டியும் புலவரும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்ளட்டும். உறை செய்பவர் ஊகித்துப் போடக்கூடாது.

பொடி எழுத்து எவ்வளவு பொடியாக இருக்கலாம்? வெள்ளைத் தாளில் கறுப்பு என்றால் 8 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள். இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் 9 பாயின்ட், கொஞ்சம் கனம் கூடியதாக. மை பரவிச் சுழிகளை அடைத்துவிடும் என்பதால்தான் இந்தக் கவனம். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காமல் ஒரு பக்கத்தைக் கூட்டுங்கள்.

முதுகு 6.5 மி.மீ.தான், அதாவது ஏறக்குறைய 18 பாயின்ட். அதற்குள் மேல்விலங்கும் கீழிறங்கும் உகரமும் அடங்க வேண்டும் என்பதால் எழுத்து 9 அல்லது 10 பாயின்ட்டோடு நிற்கட்டும். மேலிருந்து கீழாகப் படிக்கும்படி திருப்பி வையுங்கள். முதலில் சாமி பெயர் அல்லது தலைப்பு, பிறகு பாடியவர், பல தட்டு என்றால் கடைசியில் எண். அலமாரியில் அடுக்கி வைத்தபின் தெரிவது இது ஒன்றுதான்.

கேட்பதற்குச் சிடி பிளேயரே இல்லாத வீடுகள் இப்போது நிறைய. அதனால் பின்னட்டையில் கியூஆர் கட்டம் ஒன்று கட்டாயம் வைக்கிறேன். 2 செ.மீ.க்குக் குறையாமல், வெளிர் பின்னணியில் கறுப்பாக, சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வையுங்கள். செம்மண் நிறத்தின்மேல் கறுப்புக் கட்டம் போட்டால் சில போன்கள் படிக்காது.

அச்சுக்கு அனுப்பும் முன்

இது ஒரு பட்டறிவு, ஐந்நூறு அட்டை விலை கொடுத்துக் கிடைத்தது. ஒருமுறை அவசரத்தில் கோப்பைத் திறந்த நிலையிலேயே வெளியூர் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கே இருந்த பழைய மென்பொருளுக்குத் தமிழ் யூனிகோடின் ஒழுங்கு தெரியாது. 'லை'யின் கொம்பு லகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. 'கொடை'யில் கொம்பும் காலும் புள்ளி வட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு தனியாக நின்றன. அவர்களில் யாரும் தமிழ் எழுத்தைக் கவனித்துப் பார்க்கவில்லை, நானும் ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, கேட்கவில்லை. விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஐந்நூறு பின்னட்டையும் அப்படியே வந்து இறங்கின. உள்ளூரில் டிஜிட்டல் பிரிண்ட் எடுத்துச் சமாளித்தோம்.

அதனால் இந்த வரிசையை இப்போது தவற விடுவதில்லை. யூனிகோடில்தான் அடிக்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அந்த எழுத்தைச் செல்போனுக்கோ இணையத்துக்கோ நகலெடுக்கவும் முடியாது. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் என்றால் வேர்ல்டு ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுத்தபின் அடிக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் அப்படி ஓர் அமைப்பு உண்டு. இன்க்ஸ்கேப் இலவசம், தமிழை நன்றாகவே காட்டும். ஆனால் அச்சு நிறத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. வேலை முடிந்ததும் ஒரு பிரதியைத் திறந்த நிலையிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியில் எழுத்து முழுவதையும் கர்வ் ஆக்கிவிடுங்கள். எழுத்து படமாக மாறிவிட்டால் எந்தக் கணினியிலும் கொம்பு நகராது. எல்லாம் அச்சுக்கான சிஎம்ஒய்கே என்ற நான்கு மை நிறத்தில், படங்கள் 300 டிபிஐயில், வெட்டுக்குறியோடு பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பொடி எழுத்து நான்கு நிறமும் கலந்த கறுப்பில் இருக்கக்கூடாது. தனிக் கறுப்பில் மட்டும் இருக்க வேண்டும். அச்சுத் தகடான பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் நாலு நிறக் கறுப்பில் எழுத்துக்கு நிழல் தட்டும்.

கோவில்பட்டி தாண்டினால் சிவகாசி. ஆயிரம் பிரதிக்கு மேல் என்றால் அங்கே ஆஃப்செட்டில் அடிப்பது கட்டுப்படியாகும். நூறு, இருநூறுக்கு உள்ளூர் டிஜிட்டல் பிரிண்டே போதும்.

ப்ரூஃப் வந்ததும் திரையில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். காகிதத்தில் வாங்கி, வெட்டி, மடித்து, உண்மையான பெட்டியில் செருகிப் பாருங்கள். எழுத்துப் பிழையை நீங்களே திருத்த முடியாது, கண் பழகிப்போயிருக்கும். வேறொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒற்று மிகும் இடங்களைத் தனியாகப் பாருங்கள். 'நெல்லைச் சீமை'யில் ச் விட்டுப்போனால் ஆயிரம் பிரதியிலும் விட்டுப்போகும். பெயர்களைப் பாடகர்களே வந்து பார்க்கட்டும். முதலெழுத்து மாறினால்கூட அது வேறு ஆள்.

செல்போனுக்கு ஒரு முகப்பு

இணையத்தில் பாட்டை ஏற்றும்போது சதுரமாக, 3000 × 3000 பிக்சலில், திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் ஒரு படம் கொடுக்க வேண்டும். சிடியின் முகப்பை அப்படியே கொடுத்துவிட வேண்டாம். போன் எண், விலை, இணைய முகவரி எல்லாம் இருந்தால் பல தளங்கள் திருப்பி அனுப்பிவிடும். கொடைக்கு முன்பதிவு செய்ய எண் வேண்டும் என்று குழுவினர் கேட்பது நியாயம்தான். அதைப் பின்னட்டையில் பெரிதாகப் போட்டுக் கொடுங்கள்.

போனில் இந்தப் படம் விரல் நகத்தளவுதான் தெரியும். அதனால் திரையில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுருக்கிப் பாருங்கள். சாமி பெயர் படிக்க வருகிறதா? வராவிட்டால் 'வில்லிசை', 'நெல்லை மாவட்டம்', 'பாகம் ஒன்று' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு சொல்லை மட்டும் பெரிதாக விடுங்கள். புலவரின் 'சுடலை'யை அப்படித்தான் தனியாக விட்டோம்.

முதல் கட்டு வந்ததும் ஒரு பிரதியைக் கடைக்குக் கொண்டுபோய், மற்ற உறைகளுக்கு நடுவில், டியூப் லைட் வெளிச்சத்தில் தொங்க விட்டுப் பார்ப்பது என் வழக்கம். சென்ற முறை செம்மண்மேல் மஞ்சள் எழுத்து அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் உள்ளே அடங்கிப்போனது. அடுத்த அச்சுக்கு வெள்ளையாக மாற்ற வேண்டும் என்று திறந்த கோப்பிலேயே குறித்து வைத்திருக்கிறேன்.